இழை எண்ணித் தைத்தல்: மன்னார்க் கரைக்கு ஒரு குறுக்குத் தையல் அத்தியாயம்

இணையத்தில் கிராஸ் ஸ்டிச் பொதி தேடுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பவை பனி மூடிய கூரை, காற்றாலை, ஊசியிலைக் காடு. துணி, நூல், ஊசி, நிறம் போட்ட வரைபடம் எல்லாம் ஒரே உறையில் வந்துவிடும். மன்னார்ப் பக்கத்துப் பெரியமடுவில் பங்குனி வெயிலுக்கு மின்விசிறியின் கீழே ஒதுங்கியிருக்கும் ஒருத்தி, அந்தப் பனிக்கூரையை 20,000 குறுக்குகளில் தைத்து முடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவாள். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த படத்துக்கு அவள் மறுபடியும் ஒரு பொதி வாங்கவேண்டும். எங்கே எத்தனை குறுக்கு, எந்த நிறம் என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் கைக்கு வேலை கிடைத்ததே தவிர வித்தை கிடைக்கவில்லை.

மன்னார்ப் பக்கத்தில் தைப்பதற்கு விஷயப் பஞ்சம் கிடையாது. பள்ளிமுனைப் பெருக்கமரம், வங்காலைப் பூநாரை, தலைமன்னார் வெளிச்சவீடு, மன்னார்த் தீவின் தெருக்களில் தன்பாட்டில் திரியும் கழுதை, குருத்தோலைப் பெட்டியின் கட்டம் என்று நீட்டிக்கொண்டே போகலாம். சித்திரம் வராத கைக்கும் இவை வசப்படும். எண்ணத் தெரிந்தால் போதும்.

துணியைத் தெரிந்துகொள்ளுதல்

பூத்தையல்களை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். பென்சிலால் துணியில் வரைந்து, வரைந்த கோட்டின்மேல் ஊசியை ஓட்டுவது ஒன்று. சங்கிலித் தையல், காம்புத் தையல், நிரப்புத் தையல் எல்லாம் அந்தப் பக்கம். மற்றதில் துணியில் கோடே கிடையாது. பாவும் ஊடும் சேருமிடங்களை எண்ணி, எண்ணின இடத்தில் ஊசியை இறக்குவார்கள். குறுக்குத் தையல் இந்த இரண்டாவது குடும்பத்துப் பிள்ளை.

தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்தின் மிக அழகான வேலை நீலகிரியில் இருக்கிறது. தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்யும் பூவேலைக்கு வரைபடமும் இல்லை, துணியில் அடையாளமும் இல்லை. கண்ணால் இழையை எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்தே தைத்துக்கொண்டு போகிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடகத்தின் கசூதியும் எண்ணித் தைப்பதுதான். அதிலுள்ள நான்கு வகைத் தையல்களில் ‘மெந்தி’ என்பது நம் குறுக்குத் தையலேதான்.

தோடப் பெண்ணின் கண் எல்லோருக்கும் வாய்க்காது. அதனால் தொடங்குகிறவர்களுக்கு எயிடா துணி. இழைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து நெய்திருப்பதால் சதுரங்கள் பளிச்சென்று தெரியும், நான்கு மூலையிலும் துளை இருக்கும். அதன் உறையில் 11, 14, 16, 18 என்று ஓர் எண் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை சதுரம் என்பதே அந்த எண். எண் கூடக் கூடச் சதுரம் சிறுத்துவிடும். முதல் வேலைக்கு 11 எடுப்பது நல்லது, கண்ணுக்கும் சுகம், பிழை பிடிப்பதும் லேசு. பழகியபின் 14க்குப் போகலாம். 18ஐ நல்ல பகல் வெளிச்சம் உள்ளவர்கள் மட்டும் தொடவேண்டும்.

படம் துணியில் எவ்வளவு பெரிதாக வரும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. 70 கட்டம் அகலமான படம் 14 துணியில் 5 அங்குலம் வரும். அதே படம் 11 துணியில் ஆறேகால் அங்குலத்தைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் துணி வெட்டியவர்களின் பூநாரைகள் காலில்லாமல் நிற்பதைக் காணலாம். படத்தின் அளவுக்கு மேல் நான்கு பக்கமும் குறைந்தது இரண்டு அங்குலம் விட்டே வெட்டவேண்டும்.

எயிடா கிடைக்காவிட்டால்? வீட்டில் பழைய கட்டம் போட்ட சாரம் ஒன்று இல்லாமலா போகும். சிறு கட்டமுள்ள பருத்திச் சாரமும் பள்ளிச் சீருடைக் கட்டத்துணியும் எண்ணித் தைக்க அருமையானவை. ஒரு கட்டத்துக்கு ஒரு குறுக்கு. ஒரேயொரு சோதனை மட்டும் செய்யவேண்டும். அடிமட்டத்தை வைத்து நீளவாட்டில் பத்துக் கட்டம், அகலவாட்டில் பத்துக் கட்டம் அளந்து பார்க்கவேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. ஒரு பக்கம் 40 மில்லிமீற்றரும் மறுபக்கம் 46ம் வந்தால், தைக்கும் வட்டம் முட்டையாகிவிடும். சாய்சதுரக் கோலங்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது, பறவைக்கும் முகத்துக்கும் தெரியும். கைப்பழக்கத்துக்கு மட்டும் என்றால் சணல் சாக்குத் துணியும் தடித்த கம்பளி நூலும் போதும். பிள்ளைகளுக்கு முதலில் அதையே கொடுக்கலாம்.

நூல், ஊசி, உப்புக்காற்று

பூத்தையல் நூல் ஒரு கண்டு பொதுவாக 8 மீற்றர் இருக்கும். ஆறு இழைகளை லேசாக முறுக்கி ஒன்றாக்கியிருப்பார்கள். பிரான்ஸின் முலூஸ் நகரில் 1746இல் தொடங்கிய டிஎம்சி நிறுவனத்தின் நிற எண்களே உலகம் முழுவதும் வரைபடங்களில் அதிகம் காணப்படுகின்றன. நம் பக்கத்துக் கடைகளில் அங்கர் நூலும் கிடைக்கும். இரண்டின் எண்களும் வேறு வேறு: டிஎம்சியின் கறுப்பு 310, அங்கரின் கறுப்பு 403. எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் வேறு நிறத்தோடு திரும்பவேண்டி வரும். நிறுவனப் பெயரையும் சேர்த்து எழுதவேண்டும்.

ஆறு இழையையும் சேர்த்துத் தைப்பதில்லை. 14 துணிக்கு இரண்டு இழை, 11க்கு மூன்று, ஓரக்கோடு இழுக்கும் பின் தையலுக்கு ஒன்று. இழையைக் கொத்தாகப் பிரித்தால் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி எடுத்து, பிறகு சேர்க்கவேண்டும். வெட்டும் நீளம் ஒரு முழம். அதற்குமேல் போனால் துளைக்குள் நூறு தடவை புகுந்து வெளிவரும் நூல் பஞ்சுபோலப் பிரிந்து மினுக்கத்தை இழந்துவிடும். நேரம் மிச்சம் என்று நினைத்து இரண்டு முழம் வெட்டுகிறவர்களுக்கு மிஞ்சுவது முடிச்சு அவிழ்க்கும் வேலை.

ஊசி மொட்டை முனையாக இருக்கவேண்டும். 14 துணிக்கு 24ஆம் இலக்கம், 18க்கு 26. கூர் ஊசி இழையைக் குத்திப் பிளந்துவிடும், மொட்டை ஊசி துளையைத் தேடிக்கொண்டு தானே இறங்கும்.

கடற்கரை ஊர்களுக்கு என்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. சோளகக்காற்று வீசும் மாதங்களில் காற்றோடு வரும் உப்பு ஈரம் ஊசியின் பூச்சைத் தின்றுவிடும். துணியில் குத்திவைத்த ஊசியைச் சில நாள் கழித்து எடுத்தால் அந்த இடத்தில் துருப்புள்ளி இருக்கும், அது லேசில் போகாது. வேலை நின்றதும் ஊசியைத் துணியிலிருந்து எடுத்து, மூடியுள்ள சின்னப் போத்தலில் கொஞ்சம் வறுத்து ஆறிய அரிசியோடு போட்டு வைத்தால் பல மாதம் பளபளப்பாக இருக்கும். துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தையும் இரவில் கழற்றிவிடவேண்டும். வளையத் தழும்பில் தூசும் வியர்வையும் சேர்ந்துவிட்டால் கழுவினாலும் ஒரு வட்டம் தெரிந்துகொண்டே இருக்கும்.

தங்கூசிக் கட்டம்

எண்ணித் தைப்பதில் எல்லாத் துன்பமும் எண்ணிக்கை தவறுவதால் வருகிறது. ஒரு கட்டம் விலகிப் போனது அப்போது தெரியாது. இருநூறு குறுக்கு தாண்டி, கொக்கின் கழுத்து உடலோடு சேராதபோது தெரியும். அதற்கு மருந்து, தொடங்கும் முன்னரே துணியைப் பத்துக்குப் பத்துக் கட்டங்களாகப் பிரித்துவிடுவது. வரைபடத் தாளிலும் பத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். தாளும் துணியும் ஒத்துப்போனால் ஒருநாளும் பத்துக்கு மேல் எண்ண வேண்டியதில்லை.

சாதாரண நூலால் இந்தக் கோடுகளைப் போட்டால், தைக்கும் ஊசி அந்த நூலையும் குத்திவிடும். கடைசியில் உருவும்போது வராது. கரையூர்க்காரருக்கு இதைவிட நல்ல பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: தங்கூசி. 0.2 மில்லிமீற்றர் அளவு மெல்லிய தூண்டில் தங்கூசியை ஊசியில் கோர்த்து, பத்துக் கட்டத்துக்கு ஒரு முறை மேலும் கீழுமாக ஓட்டுத் தையல் போட்டால் வேலை தீர்ந்தது. ஊசி அதைக் குத்தாது, வழுக்கி விலகும். படம் முடிந்தபின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். தங்கூசி வலைக்கு இலங்கையில் தடை உண்டு. தையற்பெட்டிக்குள் இருக்கும் ஒரு பாகத் தங்கூசியைப் பற்றி எந்தச் சட்டமும் கவலைப்படப் போவதில்லை. நிறமில்லாத தங்கூசி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நீலமோ சிவப்போ வாங்கலாம்.

குறுக்கு போடும் முறை

ஒரு சதுரத்தின் கீழ் இடது மூலையில் ஊசியை மேலே எடுத்து, மேல் வலது மூலையில் இறக்கினால் பாதிக் குறுக்கு. பிறகு கீழ் வலது மூலையில் எடுத்து மேல் இடது மூலையில் இறக்கினால் முழுக் குறுக்கு. இதைவிட எளிய தையல் உலகில் இல்லை. ஆனால் மேலே படுத்திருக்கும் கோடு படம் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். நூலில் வெளிச்சம் படும் கோணம் அதைப் பொறுத்தது. இடையில் நாலு குறுக்கு மாறிச் சாய்ந்தால் அந்த இடம் மட்டும் நிறம் மங்கியது போலத் தெரியும். நூல் சாயம் போய்விட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

ஒரே நிறம் வரிசையாக ஓடினால், முதலில் இடமிருந்து வலமாகப் பாதிக் குறுக்குகளை அடுக்கிக்கொண்டு போய், திரும்பி வரும்போது மற்றப் பாதியை மூடலாம். இது வேகமும் கூட, பின்பக்கமும் நேர்க்கோடுகளாக அடக்கமாக இருக்கும். நிறம் சிதறிக் கிடக்கும் இடங்களிலும் மேலிருந்து கீழாக இறங்கும் இடங்களிலும் ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போது முடித்துவிடவேண்டும்.

நூலைத் தொடங்க நுனியில் முடிச்சு போடக்கூடாது. இஸ்திரி போட்டதும் முடிச்சு முன்பக்கம் குமிழாகத் தெரியும். இரண்டு இழையில் தைப்பதானால் ஓர் அழகான வழி இருக்கிறது: ஒரே இழையை இரண்டு முழம் வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு முனைகளையும் ஊசியில் கோர்த்துக்கொள்வது. முதல் பாதிக் குறுக்கில் ஊசி பின்பக்கம் இறங்கியதும் அங்கே காத்திருக்கும் மடிப்பு வளையத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் நூல் தானாகப் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்பக்கத்தில் ஏற்கெனவே போட்ட நாலைந்து தையலுக்குள் நூலைச் செருகி வெட்டிவிடலாம்.

“பின்பக்கத்தை ஆர் ராத்தா பாக்கப்போறது?” என்று கேட்கும் தங்கச்சிமார் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். வெள்ளைத் துணிக்குப் பின்னால் கறுப்பு நூல் ஐந்து கட்டம் தாண்டி ஓடினால் முன்பக்கத்தில் நிழலாக விழும். ஆகவே பின்பக்கத்தைப் பார்ப்பது முன்பக்கம்தான். மூன்று கட்டத்துக்குமேல் தாண்டவேண்டி வந்தால் நூலை வெட்டித் திரும்பத் தொடங்குவதே சரி.

நூல் எவ்வளவு வேண்டும்? 14 துணியில் ஒரு சதுரத்தின் பக்கம் 1.8 மில்லிமீற்றர். முன்பக்கத்து இரண்டு மூலைக்கோடும் பின்பக்கத்து இரண்டு நேர்க்கோடும் சேர்ந்து ஒரு குறுக்கு 9 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக நூல் குடிக்கும். 8 மீற்றர்க் கண்டை இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீற்றர் ஆகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போகும் கழிவை நீக்கினால், ஒரு கண்டில் ஏறத்தாழ 2,000 குறுக்குப் போடலாம். ஒரே நிறம் 3,000 கட்டம் வரும் படத்துக்கு இரண்டு கண்டையும் ஒரே நாளில் வாங்கிவிடவேண்டும். பிறகு வாங்கினால் ஒரே எண்ணிலும் சாயம் ஒரு நூல் வித்தியாசமாக இருக்கக்கூடும்.

முதல் வேலை: ஓலைக் கட்டம்

நீத்துப்பெட்டி, கடகம், சுளகு, பாய் என்று பனையோலையைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய கைகளுக்குக் குறுக்குத் தையல் அந்நியமே இல்லை. சாயம் போட்ட ஓலை வெள்ளை ஓலைக்கு மேலே வந்தால் ஒரு நிறக் கட்டம், கீழே போனால் வெற்றுக் கட்டம். அதுவே வரைபடம். வீட்டில் உள்ள பின்னல் பெட்டி ஒன்றைச் சதுரக்கோட்டுக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து, நிற ஓலை மேலே தெரியும் ஒவ்வொரு கட்டத்துக்கும் கொப்பியில் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனால், அரைமணியில் ஒரு கோலம் தாளில் இருக்கும். முழுப் பெட்டியையும் நகலெடுக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டைப் பிடித்தால் மற்றது தொடரும்.

பெட்டி இல்லாதவர்களுக்குச் சாய்சதுரம். முதல் வரியில் 1 குறுக்கு, அடுத்ததில் 3, பிறகு 5, 7, 9, 11. அங்கிருந்து 9, 7, 5, 3, 1 என்று இறங்கினால் 11 கட்டம் அகலமும் 11 கட்டம் உயரமுமான ஒரு சாய்சதுரம். மொத்தம் 61 குறுக்கு. ஒன்றின் கீழ்நுனியே அடுத்ததின் மேல்நுனியாக ஐந்தைக் கோர்த்தால் 51 கட்டம் நீளம், 301 குறுக்கு. 11 துணியில் இது ஓர் அங்குல அகலமும் நாலரை அங்குலத்துக்குச் சற்று மேலான நீளமும் உள்ள பட்டி, புத்தக அடையாளத்துக்கு அளவெடுத்தது போல. மூன்று இழையில் கழிவோடு நாலரை மீற்றர் வரை செலவாகும், ஒரு கண்டில் பாதிக்குமேல் மிஞ்சும். தொடங்குகிறவர் மணிக்கு நூறு குறுக்குப் போட்டாலே நல்ல வேகம். ஆக இது மூன்று மாலைப்பொழுதுக்கு மேல் போகாது. ஒரு சாய்சதுரம் விட்டு ஒரு சாய்சதுரத்தின் நடுவில் ஐந்து கட்டத்தை வெறுமையாக விட்டால் ஓலைப் பின்னலின் சாயல் வந்துவிடும்.

இதே கட்டம் பெரியமடு போன்ற முஸ்லிம் ஊர்களில் இன்னோர் இடத்திலும் பயன்படும். தொழுகை விரிப்பின் ஓரத்திலும் தொப்பியின் பட்டியிலும் பறவை, மிருகம் வைக்க விரும்பாதவர்கள் பலர். சாய்சதுரமும் எட்டுமுனை நட்சத்திரமும் அங்கே தாராளமாகப் போகலாம். பக்கத்து ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் பீடத்துணிக்கு இதே பட்டியின் நடுவில் கோதுமைக் கதிரும் திராட்சையும் வைக்கிறார்கள். லேஞ்சி மூலைக்கு ஒரு சாய்சதுரம் தாராளம்.

பெருக்கமரமும் பூநாரையும்

படத்தைக் கட்டமாக்கும்போது எல்லோரும் செய்யும் பிழை, மனதில் இருக்கும் மரத்தை வரைவது. மரம் என்றால் ஒல்லியான அடி, மேலே பச்சைக் குடை என்று கை பழகிப்போயிருக்கும். பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர் என்று பதிவாகியிருக்கிறது. சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் அடியின் குறுக்களவு 6.2 மீற்றர் வரும். அதாவது இந்த மரத்தைத் துணியில் 60 கட்டம் உயரமாக நிறுத்தினால், அடி மட்டும் 50 கட்டம் அகலமாக இருக்கவேண்டும். கணக்குப் போடாமல் யாருக்கும் அவ்வளவு தடிப்பாக வரையத் துணிவு வராது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாக ஊரில் சொல்லப்படும் இந்த ஆபிரிக்க மரத்தின் அழகே அந்தத் தடிப்பில் இருக்கிறது.

கிளைகளைக் கையால் வரைய வராதவர்கள் நேரே நின்று ஒரு புகைப்படம் எடுத்து, தபாலட்டை அளவில் அச்சடித்து, அதன்மேல் சதுரக்கோட்டு மெல்லிய தாளை வைத்து ஒற்றலாம். கோடு கட்டத்தின் பாதிக்குமேல் ஓடினால் அந்தக் கட்டம் சேரும், குறைந்தால் சேராது. நிறத்துக்கு டிஎம்சி 640, 642, 644 மூன்றும் போதும், சாம்பல் கலந்த மண்நிறத்தின் மூன்று படிகள் அவை. வெயில் படும் பக்கத்துக்கு 644, நிழலுக்கு 640. மரம் வறட்சியில் இலை உதிர்ப்பதால் பச்சைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கிளைநுனியில் அங்கங்கே பிரெஞ்சு முடிச்சாக ஏழெட்டுப் பச்சைப் புள்ளி வைத்தால் நன்றாக இருக்கும். வானத்தை நீலத்தால் நிரப்பவேண்டாம். கடைப் பொதிகளைப் பார்த்து வந்த பழக்கம் அது. துணியின் வெள்ளையே மன்னார் வெயிலுக்குப் பொருத்தமான வானம், ஆயிரக்கணக்கான குறுக்கும் மிச்சம்.

பூநாரை வேறு விதமான சோதனை. 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தில் வாடைக் காலத்தில் கூட்டமாக நிற்கும் இந்தப் பறவையை ஒருமுறை தொலைநோக்கியில் பார்த்தவர்கள் பொம்மைக் கடை இளஞ்சிவப்பில் தைக்கமாட்டார்கள். உடல் கிட்டத்தட்ட வெள்ளை, ஒரு துளி சிவப்பு கரைத்த வெள்ளை. அடர்ந்த சிவப்பு சிறகின் மேலோரத்தில்தான், பறக்கும்போது தெரியும் இறகுகள் கறுப்பு, அலகு நுனியும் கறுப்பு. உடலுக்கு 818, நிழலுக்கு 3326, காலுக்கு 899, அலகு நுனிக்கு 310. கூட்டமாகத் தைப்பதானால் ஒன்றிரண்டை 415 சாம்பலில் தைக்கவேண்டும். குஞ்சுகளுக்குப் பிறவியில் சிவப்பு கிடையாது. உப்பேரியில் தின்னும் இறால் வகையிலும் பாசியிலும் உள்ள நிறமி உடலில் சேர்ந்து சிவக்க இரண்டு மூன்று வருடமாகும். அந்தச் சாம்பல் பறவைகள்தான் பார்க்கிறவருக்கு ‘இது பார்த்துத் தைத்தது’ என்று சொல்லும்.

உடல் 24 கட்டம் அகலம், 13 கட்டம் உயரம். கால் 22 கட்டம். வளைந்த கழுத்து 18. கால் ஒரே ஒரு கட்ட அகலத்தில் இறங்கவேண்டும். இரண்டு வைத்தால் பூநாரை மேசையாகிவிடும். கழுத்தின் வளைவு சதுரங்களில் படிக்கட்டாகத் தெரியும். அதை மழுங்கடிக்கக் கால்குறுக்கு உதவும்: மூலையிலிருந்து சதுரத்தின் நடு வரைக்கும் மட்டும் ஒரு சின்னக் கோடு. எயிடா சதுரத்தின் நடுவில் துளை இல்லாததால் அந்த ஒரு தையலுக்குக் கூர் ஊசியை எடுக்கவேண்டும். பிறகு வெளியோரத்தில் ஒற்றை இழையில் பின் தையல் ஓட்டினால் கழுத்து வழுவழுப்பாகிவிடும். கண் கறுப்பு முடிச்சு ஒன்று, அவ்வளவுதான்.

எண்ணாத தையல்களையும் இங்கே கலக்கலாம், யாரும் தடுக்கவில்லை. தண்ணீர்க் கோட்டுக்கு ஓட்டுத் தையல், தோணிக் கயிற்றுக்குச் சங்கிலித் தையல், தென்னங்கீற்றுக்கும் தாழைக்கும் மீன்முள் தையல். மீன்முள் தையலில் இரண்டு பக்க நூலும் நடுநரம்பில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழவேண்டும். இடைவெளி விட்டால் பூச்சி அரித்த ஓலைபோல இருக்கும். நிரப்புத் தையலை ஒரு சென்ரிமீற்றருக்குமேல் நீட்டினால் துவைப்பில் நூல் தொங்கிவிடும்.

மாதிரித் துணி

ஒவ்வொரு புதிய கோலத்தையும் படத்தில் வைக்கும் முன் ஒரு நீளத் துணியில் தைத்து வைக்கும் வழக்கம் பழையது. ஐரோப்பாவில் அச்சடித்த வரைபடம் அரிதாக இருந்த காலத்தில் அந்தத் துணிதான் வரைபடப் புத்தகம். லண்டன் விக்ரோறியா அல்பேட் அருங்காட்சியகத்தில் ஜேன் பொஸ்டொக் என்பவர் 1598இல் தைத்த மாதிரித் துணி இருக்கிறது. ஆண்டு பொறித்த பிரித்தானிய மாதிரித் துணிகளில் அதற்கு முந்தியது கண்டுபிடிக்கப்படவில்லை.

இதன் அருமை இடம்பெயர்ந்தவர்களுக்கு அதிகம் புரியும். பலஸ்தீனத்தில் பெண்களின் சட்டை மார்பில் உள்ள குறுக்குத் தையலைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். 1948க்குப் பின் அகதி முகாம்களில் சிதறியபோதும் அந்தக் கோலங்கள் துணியோடு போயின. 2021இல் யுனெஸ்கோ அந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல புத்தளத்தில் வருடக்கணக்காக இருந்து, போர் முடிந்தபின் திரும்பின. உம்மம்மாமார் தைத்த தலையணை உறைகளும் யன்னல் சீலைகளும் எத்தனை வீட்டில் மிஞ்சியிருக்கின்றன? அலுமாரியின் அடித்தட்டில் ஒன்று கிடைத்தால் அதைத் துவைக்கப் போடும் முன் செய்யவேண்டிய வேலை, வெளிச்சத்தில் விரித்துப் படமெடுத்து, கட்டம் கட்டமாகக் கொப்பியில் ஏற்றுவது. தாளை விடத் துணி நாட்பட இருக்கும் என்பதால் அதே கோலத்தை மாதிரித் துணியிலும் ஒருமுறை தைத்துவிடலாம்; ஓரத்தில் தைத்தவரின் பெயரும் வருடமும் பின் தையலில் இருக்கட்டும்.

விற்பதானால்

தையல் கூலியாக மாறியதற்கு நம் பக்கத்தில் நீண்ட கதை உண்டு. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மோல்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அந்த லேஸ் கடல் கடந்து விலைபோனது. குறுக்குத் தையலுக்கு விலை சொல்லும்போது பெண்கள் நூலும் துணியும் என்ன விலை என்று மட்டும் கூட்டுகிறார்கள், நேரத்தை விட்டுவிடுகிறார்கள். ஊரில் தையற்காரர் ஒரு மணிக்கு என்ன கூலி வாங்குகிறாரோ அதை வைத்துப் பார்த்தால், 301 குறுக்குப் புத்தக அடையாளம் மூன்று மணிக் கூலிக்குக் கட்டுப்படியாகும். 20,000 குறுக்குச் சுவர்ப்படம் 200 மணி. அந்த விலையை எவரும் கொடுக்கமாட்டார்கள். விற்பனைக்குச் சிறிய பொருள், சுவருக்கும் சொந்தக்காரருக்கும் பெரிய படம் என்று பிரித்துக்கொள்வது புத்தி. சுற்றுலா வருகிறவர்கள் எடுத்துப்போகவும் பூநாரை வைத்த சின்னப் பையே வசதி.

கழுவி முடித்தல்

முடிந்த துணியில் கைப்பசையும் பென்சில் கறையும் இருக்கும். கழுவாமல் சட்டம் போட்டால் ஒரு வருடத்தில் மஞ்சளாகிவிடும். முதலில் சிவப்பு, கறுப்பு நூல்களை ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கவேண்டும். சாயம் ஒட்டினால் குளிர்ந்த நீரில், நிறம் தெளியும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசவேண்டும், ஊறப்போடக் கூடாது. கரைப்பக்கத்துச் சவர்க் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது, துணியில் வெள்ளைப் பொருக்கும் படியும். சேமித்த மழைநீரோ குடிநீரோ ஒரு வாளி போதும். முறுக்கிப் பிழியாமல், துவாயில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுக்கலாம். தடித்த துவாயின்மேல் பூவேலை கீழே பார்க்கும்படி கவிழ்த்து, அரை ஈரத்திலேயே பின்பக்கத்தில் இஸ்திரி போட்டால் குறுக்குகள் நசுங்காமல் எழும்பி நிற்கும்.

துருப்புள்ளி விழுந்திருந்தால் தேசிக்காய்ச் சாற்றில் உப்பைக் குழைத்து அந்த இடத்தில் மட்டும் தடவி, சிறிது நேரம் வெயிலில் வைத்து அலசவேண்டும். நிற நூலில் படாமல் பஞ்சு சுற்றிய தீக்குச்சியால் தடவுவது நல்லது. சட்டம் போடும்போது கண்ணாடி தையலில் முட்டாதபடி ஓரத்தில் மட்டை வைக்கச் சொல்லவேண்டும், மேற்கு யன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிர்க்கவேண்டும். பின்மட்டையில் துணியின் எண், நூல் எண்கள், இழைக் கணக்கு மூன்றையும் எழுதி ஒட்டினால், அடுத்த முறை இதே மரத்தைத் தைக்கும் ஒருத்தி கடைக்கு நேரே போய்விடலாம்.